முப்பதாவது பாட்டு

சாம் குக் பாடியவற்றிலிருந்து முப்பது பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, 2003இல் ஆப்கோ நிறுவனம் ஒரே சிடியாக வெளியிட்டது. 'போர்ட்ரெய்ட் ஆஃப் எ லெஜண்ட் 1951–1964' என்று பெயர். போன மாதம் முழுக்க இரவில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் தடவை கேட்டபோது முப்பதாவது பாட்டு வந்ததும் போன் ஏதோ வேற ஆல்பத்துக்குத் தாவிவிட்டது என்று நினைத்து எழுந்து பார்த்தேன். இல்லை, அதே ஆல்பம்தான்.

காரணம் இதுதான். இருபத்தொன்பதாவது பாட்டு 'எ சேஞ்ச் இஸ் கான்னா கம்'. 1964 ஜனவரியில் பதிவானது. வயலின்கள், ஃப்ரெஞ்ச் ஹார்ன், டிம்பனி என்று பெரிய ஆர்க்கெஸ்ட்ரா. சாமைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்குக்கூட இந்த ஒரு பாட்டு தெரிந்திருக்கும். எந்தத் தொகுப்பாளரும் அதோடு முடித்துவிடத்தான் பார்ப்பார். இவர்கள் முடிக்கவில்லை. அதற்கப்புறம் 1951க்குப் போய்விடுகிறார்கள். 'ஜீசஸ் கேவ் மீ வாட்டர்'. வயலினும் இல்லை, ஹார்னும் இல்லை. ஒரு காஸ்பல் குழு, நடுவில் இருபது வயசுப் பையன் ஒருத்தன்.

ஏன் இப்படி வைத்தார்கள் என்று யோசித்ததில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

முதலில் ஆள் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1931 ஜனவரி 22 அன்று மிசிசிப்பி மாநிலம் கிளார்க்ஸ்டேலில் பிறந்தார். அப்பா சபை ஊழியர். குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தபோது சாம் சின்னக் குழந்தை. குடும்பப் பெயரின் கடைசியில் 'இ' என்ற எழுத்தை அவரே பிற்பாடு சேர்த்துக்கொண்டார். சிறு வயதிலிருந்தே சர்ச்சில் பாட்டு. கறுப்பின மக்களிடையே பெரும்புகழ் பெற்ற 'சோல் ஸ்டிரர்ஸ்' காஸ்பல் குழுவிலிருந்து அதன் முதன்மைப் பாடகர் ஆர்.ஹெச். ஹாரிஸ் விலகியபோது, அந்த இடத்துக்கு இந்தப் பையனைக் கொண்டுவந்தார்கள்.

அந்த இடம் லேசுப்பட்டதல்ல. காஸ்பல் உலகத்தில் ஹாரிஸ் ஒரு மேதை. 1951 மார்ச்சில் குழு பதிவுக்கு வந்து நின்றபோது, ஹாரிஸ் இல்லை, பதிலுக்கு யாரோ ஒரு புதுப்பையன் என்று தெரிந்ததும் ஸ்பெஷால்டி ரெக்கார்ட்ஸ் முதலாளி ஆர்ட் ரூப்புக்கு முகம் சுண்டிப்போனதாம். அன்றைக்குப் பதிவானதில் ஒன்றுதான் அந்த முப்பதாவது பாட்டு. அதே பாட்டை அதே கம்பெனிக்காக 'பில்கிரிம் டிராவலர்ஸ்' என்ற வேறொரு குழு ஏற்கனவே பாடியிருந்தது. அந்தக் குழுவைச் சேர்ந்த ஜே.டபிள்யூ. அலெக்சாண்டரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

சாமின் குரலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தைச் சொல்வார்கள்: ஒரு சொல்லின் நடுவிலேயே 'வோ… ஓ… ஓ…' என்று குரலை மேலே எறிந்து சுழற்றி இறக்குகிற பழக்கம். ஹாரிஸ் தொட்ட உச்ச ஸ்தாயியை எட்ட முடியாமல் ஒரு மேடையில் சமாளிக்கப் போய் அது பிறந்தது என்று குழுவில் ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, நல்ல கதை. நம் காதுக்கு அது பிர்கா மாதிரிதான் கேட்கும், ஆனால் வேகம் காட்டுகிற பிர்கா இல்லை. சொல்லவந்த சொல்லை ஒரு நிமிஷம் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிற மாதிரி. வித்தையைக் காட்டுகிறோம் என்கிற முறுக்கே இருக்காது.

தொகுப்பு தொடங்குவது 1956இல், 'டச் த ஹெம் ஆஃப் ஹிஸ் கார்மென்ட்' பாட்டோடு. இயேசுவின் ஆடையின் ஓரத்தைத் தொட்டுக் குணமான பெண்ணின் கதை. தமிழ் பைபிளில் 'பெரும்பாடுள்ள ஸ்திரீ' என்று வருவாளே, அவள்தான். பதிவுக்குப் போகிற வழியில், காரில் பைபிளைப் புரட்டிக்கொண்டே சாம் இதை எழுதினார் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கேட்டால் நம்பத்தான் தோன்றுகிறது. பாட்டு கதை சொல்கிற மாதிரிதான் போகும். கூட்டம், அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகிற ஒரு நோயாளிப் பெண், அவள் கை நீட்டுகிற கணம். சாம் குரலை உயர்த்தவே இல்லை. மற்றவர்கள் கத்தி அழவைப்பார்கள், இவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லி அழவைக்கிறார்.

இரண்டாவது பாட்டு 'லவ்வபிள்'. இதில்தான் வம்பு ஆரம்பம்.

1956 டிசம்பரில், நியூ ஆர்லியன்ஸில், சோல் ஸ்டிரர்ஸ் பாடிய 'வொண்டர்ஃபுல்' என்ற காஸ்பல் பாட்டின் மெட்டை அப்படியே எடுத்து, கடவுள் இருந்த இடத்தில் காதலியை உட்காரவைத்துப் பாடினார். சபைக்காரர்களுக்குத் தெரியக்கூடாது என்று ரெக்கார்டில் 'டேல் குக்' என்று பேர் போட்டார்கள். என்ன பிரயோஜனம்? அந்த 'வோ… ஓ…'வை எங்கே கொண்டு ஒளிப்பது? கேட்டவர்களுக்கு உடனே ஆள் தெரிந்துவிட்டது. காஸ்பல் உலகத்தில் 'உலகப் பாட்டு'க்குப் போவது அன்றைக்குச் சாதாரண விஷயம் இல்லை. போனவன் போனவன்தான், திரும்பி வந்தால் அதே பெஞ்சில் இடம் கிடைக்காது.

வேடிக்கை என்னவென்றால் 'லவ்வபிள்' அவ்வளவு நல்ல பாட்டும் இல்லை. முதல் பாட்டில் கூட்டத்துக்குள் கை நீட்டிய பெண்ணைக் கண்ணால் பார்த்த நமக்கு, இரண்டாவதில் வருகிற காதலியின் முகமே தெரியாது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்த தொகுப்பாளருக்கு ஒரு சபாஷ்.

ஆனால் ஆறே மாதத்தில் எல்லாம் மாறியது. 1957 ஜூன் 1 அன்று லாஸ் ஏஞ்சலஸில் 'யூ செண்ட் மீ' பதிவு. தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல், ஸ்பெஷால்டியில் லிட்டில் ரிச்சர்டைப் பாடவைத்தவர். நடுவில் ஆர்ட் ரூப் உள்ளே வந்தார். பின்குரல் கொடுக்க வெள்ளைக்காரர்களின் மென்மையான கோரஸ் குழு நிற்பதைப் பார்த்து ஆத்திரப்பட்டார். கறுப்பின இசை கேட்கிறவர்களை நம்பிக் கம்பெனி நடத்தியவர் அவர், 'இதை யார் வாங்குவார்கள்' என்பது அவர் கவலை. வாக்குவாதம் முற்றி, பிளாக்வெல் தனக்கு வரவேண்டிய ராயல்டியை விட்டுக்கொடுத்துவிட்டு டேப்புகளையும் சாமின் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு வெளியேறினார். கீன் என்ற புத்தம்புதுக் கம்பெனி அதை வெளியிட்டது. அந்த டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடம், பாப் பட்டியலிலும் ஆர் அண்ட் பி பட்டியலிலும். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

இந்தப் பாட்டில் வரிகள் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் அது வேறு வாக்கியமாகிவிடுகிறது. காஸ்பலில் ஆறு வருஷம் கற்றுக்கொண்டது அதைத்தானே? கடவுள் பெயரை நூறு தடவை நூறு விதமாகச் சொல்வது.

இந்த இடத்தில் பழைய ரெக்கார்டு லேபிள் படத்தைத் தேடிப் பார்த்தேன். எழுதியவர் என்று அதில் சாம் பேர் இல்லை. எல்.சி. குக், அவருடைய தம்பி. ஏனென்றால் சாம் எழுதினால் அதன் பதிப்புரிமை ஸ்பெஷால்டிக்குப் போய்விடும் சிக்கல் இருந்தது. தம்பி 'எழுதினால்' போகாது! 1960இல் வெளியான 'வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' பாட்டுக்கும் எழுதியவர் 'பார்பரா கேம்ப்பெல்' என்று போட்டார்கள். அது அவர் மனைவியின் திருமணத்துக்கு முந்தைய பெயர். அது சாமும் லூ ஆட்லரும் ஹெர்ப் ஆல்பெர்ட்டும் சேர்ந்து எழுதிய பாட்டு.

இதைச் சின்னத் தந்திரம் என்று தாண்டிப் போய்விடக் கூடாது. பாடகருக்கு ரெக்கார்டு விற்றால் ஒரு பங்கு கிடைக்கும், அதுவும் கம்பெனி ஒழுங்காகக் கணக்குக் காட்டினால். எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் கிடைப்பது வேறு பணம்: ரேடியோவில் போட்டால், இன்னொருத்தர் அதே பாட்டைப் பாடினால், வருஷா வருஷம் வந்துகொண்டே இருக்கும். அந்தக் காலத்துக் கறுப்பினப் பாடகர்களில் நிறையப் பேருக்கு இந்த இரண்டாவது பணம் கண்ணில் பட்டதே இல்லை. சாமுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஜே.டபிள்யூ. அலெக்சாண்டர். இருவரும் சேர்ந்து கேக்ஸ் மியூசிக் என்ற பதிப்பு நிறுவனத்தை நடத்தினார்கள். பிறகு எஸ்.ஏ.ஆர். என்று சொந்த ரெக்கார்டு கம்பெனி. சோல் ஸ்டிரர்ஸையே அதில் பாடவைத்தார் சாம். வெளியேறியவர் முதலாளியாகத் திரும்பி வந்து பழைய குழுவுக்கு இடம் கொடுத்தார்! பாபி வொமாக்கும் சகோதரர்களும் அடங்கிய 'வாலண்டினோஸ்' குழுவும் அங்கேதான். அவர்களுடைய 'இட்ஸ் ஆல் ஓவர் நவ்' 1964இல் வந்ததும் ரோலிங் ஸ்டோன்ஸ் அதைப் பாடி, பிரிட்டனில் தங்களுடைய முதல் நம்பர் ஒன் பாட்டாக்கிக்கொண்டார்கள். பையன்களுக்கு முதலில் கோபம்தான். ராயல்டி செக் வந்ததும் வொமாக்கின் கோபம் போய்விட்டது என்று அவரே பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

1960இல் சாம் ஆர்.சி.ஏ. விக்டருக்கு மாறினார். தொகுப்பின் நடுப்பகுதி பெரும்பாலும் இந்தக் காலம். எல்லாமே நல்ல பாட்டு என்று பொய் சொல்லமாட்டேன். சா-சா-சா நடனப் பாட்டு, பதினாறு வயசுக் காதல் பாட்டு எல்லாம் அன்றைய ரேடியோவுக்காகச் செய்தவை. ஒருமுறை கேட்கலாம். 'செயின் கேங்' மட்டும் என்னை விடவில்லை. சுற்றுப்பயணத்தில் சாலையோரம் சங்கிலி பூட்டிய கைதிகள் வேலை செய்வதைப் பார்த்து எழுதியதாகச் சொல்வார்கள். சம்மட்டி அடிக்கிற ஓசை, கைதிகள் மூச்சு விடுகிற 'ஹூ… ஆ…', அதன்மேல் கால் தாளம் போடவைக்கிற மெட்டு. அமெரிக்காவே இரண்டாம் இடம் வரை ஏற்றிவைத்து இதற்கு ஆடியது. எதற்கு ஆடுகிறோம் என்று ஆடினவர்களுக்குத் தெரிந்ததா? சாமுக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

1962இல் வந்த 'ப்ரிங் இட் ஆன் ஹோம் டு மீ'யில் காஸ்பல் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. சாம் ஒரு வரி சொல்ல, லூ ராவ்ல்ஸ் கூடவே பாடிப் பதில் கொடுக்கிறார். 'யெஹ்', மறுபடி 'யெஹ்'. சபையில் போதகர் சொல்லச் சொல்ல ஜனங்கள் 'ஆமென்' சொல்வார்களே, அதேதான். அடுத்த வருடப் பதிவான 'லிட்டில் ரெட் ரூஸ்டர்' பாட்டில் ஆர்கன் வாசிப்பது பில்லி ப்ரெஸ்டன். அப்போது அவருக்குப் பதினாறு வயது. ஆர்கன் சேட்டை பண்ணும்போதெல்லாம் சாம் அதோடு பேசிக்கொண்டே பாடுகிறார்.

தொகுப்பில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. 1963 ஜனவரி 12 அன்று மியாமியின் ஹார்லம் ஸ்கொயர் கிளப்பில் கறுப்பின ரசிகர்கள் முன்னால் பாடியதை ஆர்.சி.ஏ. பதிவு செய்தது. கேட்டுவிட்டுப் பரண்மேல் போட்டுவிட்டது. 1985இல்தான் வெளியே வந்தது. அதில் இருப்பவர் தொண்டை கரகரக்கக் கத்துகிறார், ஜனங்களைக் கத்தவைக்கிறார், பட்டுக் குரல்காரர் என்ற பேரையே கிழித்துப் போடுகிறார். முழு சாம் குக் வேண்டும் என்றால் இந்தச் சிடியோடு அதையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டும் ஒரே ஆள் என்று நம்ப எனக்கு ஒரு வாரம் ஆனது.

சரி, இருபத்தொன்பதாவது பாட்டுக்கு வருவோம்.

சாம் அரசியல் தெரியாத ஆள் இல்லை. 1961இல் மெம்ஃபிஸில் வெள்ளையருக்கு ஒரு பக்கம் கறுப்பினத்தவருக்கு ஒரு பக்கம் என்று பிரித்து உட்காரவைத்ததற்காக மேடையேற மறுத்தவர். ஆனால் பாட்டில் அது வரவில்லை. 1963இல் பாப் டிலனின் 'ப்ளோயிங் இன் த விண்ட்' கேட்டு, இப்படி ஒன்றை ஒரு வெள்ளைக்காரப் பையன் எழுதிவிட்டானே, நான் எழுதவில்லையே என்று வெட்கப்பட்டாராம். (அந்த மெட்டுக்கு மூலம் 'நோ மோர் ஆக்‌ஷன் பிளாக்' என்ற, அடிமைகளின் பழைய பாட்டு என்று டிலனே சொல்லியிருக்கிறார். பொருள் சுற்றிச் சுற்றி வீட்டுக்கே வந்திருக்கிறது.)

1963 அக்டோபர் 8. லூசியானா மாநிலம் ஷ்ரீவ்போர்ட். ஹாலிடே இன் ஓட்டலில் போனில் முன்பதிவு செய்துவிட்டு, மனைவியோடும் குழுவினரோடும் போய் இறங்கினார். ஆளைப் பார்த்ததும் அறை இல்லை என்றார்கள். சாம் நகரவில்லை, சண்டை போட்டார். கடைசியில் கூட வந்தவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது கார் ஹார்னை அலறவிட்டுக்கொண்டே போனார்கள். கறுப்பினத்தவர்கள் தங்கும் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது போலீஸ் காத்திருந்தது. அமைதியைக் குலைத்ததாகக் கைது. அந்த வருஷக் கடைசியில் பாட்டு வந்தது. தானே எழுதவில்லை, எங்கிருந்தோ வந்து சேர்ந்தது போல இருந்தது என்று அவர் அலெக்சாண்டரிடம் சொன்னாராம்.

1964 ஜனவரி 30 அன்று ஹாலிவுட்டில் பதிவு. இசையமைப்பு ரெனே ஹால். சரணத்துக்குச் சரணம் முன்னால் நிற்கும் வாத்தியம் மாறிக்கொண்டே போகும். பாபி வொமாக் கேட்டுவிட்டு, சாவு மாதிரி இருக்கிறது என்றாராம். பிப்ரவரி 7 அன்று ஜானி கார்சனின் 'டுநைட் ஷோ'வில் ஆர்க்கெஸ்ட்ராவோடு பாடினார். மேடையில் இதைப் பாடியது அந்த ஒரு தடவைதான் என்கிறார்கள். அந்த டேப் இன்றைக்கு இல்லை. இரண்டு நாள் கழித்து பீட்டில்ஸ் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் வந்தார்கள். அப்புறம் கார்சன் நிகழ்ச்சியில் யார் என்ன பாடினார் என்று யார் கேட்கப்போகிறார்கள்?

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இப்படி இருக்கும்: காஸ்பல் பையன் காதல் பாட்டுக்குப் போனான், கடைசியில் போராட்டப் பாட்டுக்கு வந்து சேர்ந்தான், அதைப் பாடிவிட்டுச் செத்துப்போனான். 1964 டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மோட்டலில், அதன் மேலாளர் சுட்டு சாம் இறந்தார். வயது 33. தற்காப்புக்காகச் சுட்டது என்று விசாரணையில் முடிவானது. அந்த முடிவு குடும்பத்தாருக்கு இன்றுவரை ஏற்பில்லை. பதினொரு நாள் கழித்து 'எ சேஞ்ச்' சிங்கிளாக வந்தது. அதனால் அது அவருடைய மரண சாசனம் போல ஆகிவிட்டது.

தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். கதை அப்படி இல்லை. பாட்டு மார்ச்சிலேயே எல்.பி.யில் வந்துவிட்டது. ஜூலை 2இல் குடிமை உரிமைச் சட்டம் கையெழுத்தானது. ஷ்ரீவ்போர்ட் ஓட்டல் செய்தது அன்றோடு சட்டவிரோதம். அதே ஜூலையில் சாம் நியூயார்க்கின் கோபகபானா கிளப்பில் கோட்டு சூட்டோடு கனவான்கள் முன்னால் பாடினார். அங்கே பாடிய சமூகப் பாட்டு தன்னுடையது இல்லை, டிலனுடையது. நவம்பரில் 'ஷேக்' பதிவு செய்தார். சுத்தமான ஆட்டப் பாட்டு. டிசம்பரில் வந்த சிங்கிளில் ஏ பக்கம் இருந்தது 'ஷேக்', 'எ சேஞ்ச்' பின்பக்கம். அதிலும் ரேடியோவுக்காக ஒரு சரணத்தை வெட்டிவிட்டார்கள். எந்தச் சரணம்? கறுப்பினத்தவன் எங்கே போகக்கூடாது என்று ஊர் சொல்வதை நேரடியாகச் சொல்கிற சரணம்.

ஆக அவர் ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருக்கவில்லை. எல்லாப் பக்கமும் போய்க்கொண்டிருந்தார். தொகுப்பின் குழம்பிய வரிசை முதலில் எரிச்சலாக இருந்தது. நடுவில் வருஷங்கள் முன்னும் பின்னுமாகக் கலைந்து கிடக்கும். 'ஷேக்' இருபத்துமூன்றாவதாக வந்துவிட்டுப் போய்விடும். இப்போது எனக்கு அதுதான் நேர்மையாகப் படுகிறது.

ஒன்று பாக்கி. சிடியின் உறையில் இருக்கிற பேர், ஆப்கோ. அது ஆலன் க்ளைன், மனைவி பெட்டி ஆகியோரின் பெயர்களிலிருந்து வந்தது. 1963இல் சாமின் மேலாளரான க்ளைன், ஆர்.சி.ஏ.யின் கணக்கைக் கிளறி, புது ஒப்பந்தம் வாங்கிக்கொடுத்தார். அதன்படி சாமின் பாட்டுகள் ட்ரேசி லிமிடெட் என்ற கம்பெனிக்குச் சொந்தம். ட்ரேசி சாமுடைய மகளின் பெயர். கம்பெனி இருந்தது க்ளைன் கையில். தம்பி பேரிலும் மனைவி பேரிலும் பாட்டை ஒளித்துவைத்து, சொந்தமாகப் பதிப்பகம் வைத்து, சொந்தமாகக் கம்பெனி வைத்து, ஒவ்வொரு பாட்டாகக் காப்பாற்றிக்கொண்டு வந்த மனிதர். ஸ்பெஷால்டி, கீன், ஆர்.சி.ஏ. என்று சிதறிக் கிடந்ததை ஒரே உறைக்குள் நமக்குக் கொண்டுவந்து தந்தது க்ளைனின் கம்பெனி என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன்.

2019இல் ஷ்ரீவ்போர்ட் மேயர் சாமின் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார்.

நேற்று ராத்திரி மறுபடி ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டேன். இருபத்தொன்பது முடிந்து வயலின்கள் ஓய்ந்தன. அடுத்து அந்தப் பையன். சமாரியப் பெண் கிணற்றடிக்கு வருகிற கதையைச் சொல்கிறான். ஹாரிஸ் இடத்தில் நிற்கிறோம் என்கிற பயம் குரலில் துளிகூட இல்லை. கொஞ்சம் அவசரம்தான் இருக்கிறது. ரிப்பீட்டில் போட்டிருந்ததால் முடிந்ததும் முதல் பாட்டு தானாகவே ஆரம்பித்தது, 1956, அந்தக் கூட்டம், அந்தப் பெண். நிறுத்தவில்லை.